கொள்ளிடத்தைத் தின்றவர்கள் யார்?

சமயபுரத்திலிருந்து நெ.1 டோல்கேட்டுக்கு வருகிற வழியில் இருபுறமும் போர்டுகள் முளைத்திருக்கின்றன. நேற்றுவரை நெல்லும் வாழையும் நின்ற வயலில் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, மனை போட்டு விற்கிறார்கள். “காவிரித் தண்ணீர், கோயில் அருகாமை, விமான நிலையம் அரை மணி நேரம், பிள்ளைகளுக்குக் கான்வென்ட்” என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: “நிம்மதியாக வாழத் திருச்சியே சிறந்தது!”

மனை விற்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்சி வேலையாக இந்த ஜில்லாவில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைகிறவன் நான். சென்னையில் ஒரு அறைக்குக் கொடுக்கிற வாடகைக்கு இங்கே ஒரு வீடே கிடைக்கும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எங்கே நின்று பார்த்தாலும் மலைக்கோட்டை தெரியும்; வழி தவறாது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் பொழுது சாய்ந்தபின் பாலத்தின் மேல் வந்து நின்றால் ஆற்றுக் காற்று சட்டைக்குள் புகுந்து உடம்பை ஆற்றிவிடும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நிற்கிற ஜனக்கூட்டத்தைக் கண்டவன், இந்த ஊருக்கு ஆறுதான் உயிர் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வான்.

அந்த ஆற்றின் கதி என்ன? அதைப் பற்றித்தான் போர்டுக்காரர் வாய் திறப்பதில்லை.

ஊரின் அமைப்பை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடுவது காவிரி, வடக்கே ஓடுவது கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. காவிரிக்குத் தெற்கே கோட்டையும் கடைவீதியும் காந்தி மார்க்கெட்டும் பொன்மலையும் திருவெறும்பூரும். கொள்ளிடத்துக்கு வடக்கே நாங்கள்: டோல்கேட், சமயபுரம், மண்ணச்சநல்லூர், லால்குடி. வடகரைக்காரன் திருச்சிக்குப் போக வேண்டுமானால் ஒன்றல்ல, இரண்டு ஆறுகளைத் தாண்ட வேண்டும். அரிசி மில் கூலி, பூக்கட்டும் பெண், வாழைத்தார் ஏற்றுகிறவன், கடையில் நின்று துணி மடிக்கும் பெண், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி, காலேஜ் பிள்ளைகள், எல்லோருக்கும் இரண்டு பாலங்கள்தான் கதி. பாலம் நின்றால் பிழைப்பு நிற்கும்.

இது வெறும் பேச்சல்ல. 1976-ல் திறந்த காவிரிப் பாலம் பழுதாகிப்போய் 2022 இறுதியில் மராமத்துக்காக மூடப்பட்டது. 2023 மார்ச்சு வரை பஸ்கள் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. கார் வைத்திருப்பவருக்கு அது கொஞ்சம் பெட்ரோல் செலவு. காலை எட்டு மணிக்கு வேலைத்தலத்தில் நிற்காவிட்டால் “நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பப்படுகிற சித்தாளுக்கு அது ஒரு நாள் அடுப்பு. அந்த மாதங்களில் எத்தனை அடுப்பு எரியவில்லை என்று கணக்கெடுத்த அதிகாரி யாராவது உண்டா?

இப்போது கொள்ளிடத்துக்கு வருவோம்.

1928-ல் கட்டிய பாலம் ஒன்று திருவானைக்காவலையும் டோல்கேட்டையும் சேர்த்து நின்றது. அதே 1928-ல்தான் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறையைப் பொன்மலைக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்ததும் அந்த ஆண்டே. பாலமும் பட்டறையும் வெள்ளைக்காரன் தன் வசதிக்குக் கட்டியவை. ஆனால் கட்டிய கை நம் கை. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலைச் சங்கத்திடலில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான ஐந்து தொழிலாளர்கள் அந்தப் பட்டறையில் வியர்வை சிந்திய வர்க்கத்தின் பிள்ளைகள். அந்தத் திடலில் இன்றும் செப்டம்பரில் கொடி ஏறுகிறது. இந்த ஊரை ஊராக்கியவர்கள் யார் என்று கேட்கிறவனுக்கு விடை அங்கே இருக்கிறது, மனை போர்டில் இல்லை.

என் சிறு வயதில் அந்தப் பழைய பாலத்தின் கீழே இறங்கி விளையாடியிருக்கிறேன். கோடையில் கொள்ளிடம் வறண்டு கிடக்கும். ஆனால் வறட்சி மேலே மட்டும்தான். கையால் மணலைப் பறித்தால் முழங்கை ஆழத்துக்குள் ஊற்று கசியும். கலங்கலாக வரும் முதல் தண்ணீரை இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கண்ணாடி போலத் தெளியும். அம்மா அதை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புவாள். அந்தத் தண்ணீருக்குக் காசில்லை, மீட்டர் இல்லை. இன்று அதே இடத்தில் போய்ப் பறித்துப் பாருங்கள். சில இடங்களில் மணலே இல்லை. களிமண் தட்டு பல்லைக் காட்டுகிறது. நாணல் முளைத்துக் கிடக்கிறது.

மணல் என்பது குப்பையல்ல. அது ஆற்றின் வயிறு. வெள்ளம் வரும்போது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளுக்குக் கொடுப்பது மணல்தான். திருச்சி மாநகரம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. இங்கிருந்து ராமநாதபுரம் சீமை வரைக்கும் குழாய் போகிறது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலிருந்து புது மணல் அடித்துக்கொண்டு வருவதும் குறைந்து போயிற்று. அதாவது, நம்மிடம் இருப்பது பாட்டன் சேர்த்த சொத்து. எடுத்தால் திரும்ப நிரம்பாது. அதைத்தான் பொக்லைன் வைத்துத் தோண்டி டாரஸ் லாரியில் ஏற்றினார்கள்.

மணல் போனால் பாலத்துக்கு என்ன ஆகும்? தூண் நிற்பது மணலுக்குள் புதைந்த அடிப்பாகத்தின் பலத்தில். ஆற்றுப் படுகை இறங்க இறங்க அடிப்பாகம் வெளியே தெரிகிறது. வெள்ளம் வந்தால் தூணைச் சுற்றிச் சுழித்து மிச்ச மணலையும் அரித்துவிடும். பள்ளம் தோண்டியது ஒரு மைல் கீழே இருந்தாலும், தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்ப மேல்பக்கத்து மணலை இழுத்துக்கொண்டே போகும். இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினீயர் பட்டம் வேண்டாம். வாய்க்கால் வெட்டிய எந்த விவசாயியும் சொல்வான்.

2018 ஆகஸ்டில் கர்நாடகத்தில் கொட்டிய மழையில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. 1928-ம் வருஷத்துப் பாலத்தின் தூண்கள் இறங்கி, மேல்தளம் ஆற்றில் விழுந்தது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2016-லேயே போக்குவரத்தை மாற்றியிருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. இல்லாவிட்டால் சமயபுரத்துக்குப் போகிற பஸ் ஒன்று அன்றிரவு எங்கே போயிருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. எஞ்சி நின்ற பகுதியையும் பிறகு இடிக்கக் காண்டிராக்டு விட்டார்கள்.

அத்துடன் நின்றதா? அதே மாதம் 22-ந் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. தண்ணீர் காவிரிக்குப் போகாமல் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடியது. டெல்டா விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரவு பகலாக மணல் மூட்டையும் பாறையும் அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. பக்கத்தில் புது அணை கட்டச் சுமார் 387 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

அன்றைய ஆட்சியாளர்கள் என்ன சொன்னார்கள்? மணல் கொள்ளை காரணமல்லவாம், அணைக்கு வயதாகிவிட்டதாம்! 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் தொடங்கிக் கட்டியதாம்!

அப்படியானால் ஒரு கேள்வி. அதே ஆற்றில் கொஞ்ச தூரம் கீழே கல்லணை இருக்கிறது. கரிகாலன் பெயரில் வழங்குகிற அந்த அணைக்கு வயது என்ன? மேலணையின் வயதைப் போலப் பல மடங்கு. அது நிற்கிறதே! கல்லணையைக் காலத்துக்குக் காலம் செப்பனிட்டிருக்கிறார்கள், அதனால் நிற்கிறது என்பீர்கள். சரி, அதையேதான் நாங்களும் சொல்கிறோம். பேணினால் நிற்கும். அடியிலிருக்கும் மணலைப் பறித்தால் விழும். காட்டன் அந்த அணையை ஏன் கட்டினான்? கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்துபோய், தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடித் தஞ்சை வயல்கள் காய்ந்ததால் கட்டினான். தாழ்ந்த படுகையே நோய் என்று 1836-ல் ஒரு வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது. அதே படுகையை மேலும் தோண்ட அனுமதித்தவர்களுக்கு அது தெரியாதா? தெரியும்!

சமயபுரத்து மண் எத்தனையோ ஆதிக்கக்காரர்களைப் பார்த்திருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜாக்கள் பக்கத்துக் கண்ணனூரில் தலைநகர் வைத்தார்கள். 1752-ல் கிளைவ் இங்கே பாளையமிறங்கி, ஸ்ரீரங்கம் தீவிலிருந்த பிரெஞ்சுக்காரர்களை மடக்கினான். வரி பிடுங்கினார்கள், நெல்லைக் கொள்ளையிட்டார்கள். ஆனால் ஆற்றையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற யோசனை அவர்களில் ஒருவனுக்கும் வரவில்லை. அந்தப் பெருமை நம் காலத்துக் காண்டிராக்டர்களுக்கே உரியது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 500 மீட்டருக்குள் மணல் அள்ளக்கூடாது என்று விதி இருக்கிறது. தனியார் குவாரிகளின் அட்டகாசம் தாங்காமல் 2003-ல் ராஜ்ய சர்க்கார் மணல் குவாரிகளைத் தானே நடத்துவதாக விதி கொண்டுவந்தது. ஜனங்கள் நம்பினார்கள். நடந்தது என்ன? போர்டு சர்க்கார் பெயரில். அள்ளுவதும் ஏற்றுவதும் விற்பதும் காண்டிராக்டர் கையில். முன்வாசலில் பொதுத்துறை, கொல்லைப்புறத்தில் பழைய முதலாளி! ஆட்சி மாறியது. காண்டிராக்டர் மாறினாரா?

2023 செப்டம்பரில் மணல் காண்டிராக்டர்களின் வீடுகளில் டில்லி சர்க்காரின் அமலாக்கத் துறை சோதனை போட்டது. தமிழ்நாட்டுக் குவாரிகளில் அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய், சர்க்காருக்கு வந்த வருமானம் 36 கோடி சொச்சம் என்று அது ஒரு கணக்குச் சொன்னது. திருச்சி உள்ளிட்ட ஐந்து ஜில்லாக் கலெக்டர்களுக்குச் சம்மன் போயிற்று. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு நடந்தது. 2024 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டு, இதில் அமலாக்கத் துறைக்கு அதிகாரமில்லை என்று காண்டிராக்டர்கள் மீதான நடவடிக்கையை ரத்து செய்துவிட்டது. டில்லிக்காரர்கள் எந்த வீட்டுக் கதவை எந்தத் தேர்தலுக்கு முன்னால் தட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாத கதையல்ல. அவர்கள் ஆற்றின் மேல் அன்பு கொண்டு வரவில்லை. ஆனால் அவர்கள் நோக்கம் கெட்டது என்பதால் பள்ளம் நிரம்பிவிடுமா? அந்தக் கணக்கு தவறென்றால் சரியான கணக்கைச் சொல்ல வேண்டியது ராஜ்ய சர்க்கார். எத்தனை லோடு போயிற்று, எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று ஊரறியச் சொல்லட்டுமே! ஏன் வாய் அடைத்துப் போகிறது?

இதில் தண்டனை அனுபவித்தவன் ஒருவன் உண்டு. அவன் மாட்டு வண்டிக்காரன்.

கொள்ளிடக் கரையில் கொண்டயம்பேட்டை, தாளக்குடி, மாதவப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறையாக மாட்டு வண்டியில் மணல் அடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மண்வெட்டியும் கூடையும்தான் ஆயுதம். நாளெல்லாம் அள்ளினாலும் ஒரு டாரஸ் லாரி ஒரே நடையில் கொண்டு போவதை அவர்களால் தொட முடியாது. எங்களுக்கென்று தனித் துறை கொடுங்கள், ரசீது போட்டுக் கொடுங்கள், பணம் கட்டுகிறோம் என்று அவர்கள் எத்தனையோ முறை ஊர்வலம் வந்திருக்கிறார்கள், மறியல் செய்திருக்கிறார்கள். கொடுத்தார்கள், மூடினார்கள், மீண்டும் கொடுத்தார்கள், மீண்டும் மூடினார்கள். இடையில் வயிற்றுக்காக ஆற்றில் இறங்கினால் வண்டி பறிமுதல், ஆள் மேல் திருட்டுக் கேஸ். மறுநாள் பத்திரிகையில் “மணல் கொள்ளையர் கைது” என்று செய்தி!

ஒரு பெரியவரை அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். வண்டி ஸ்டேஷனில் கிடந்தது. மாடு இரண்டும் புளிய மரத்தடியில் நின்றன.

“வாங்க தம்பி, உக்காருங்க. ஆத்த நாங்கதான் தின்னுப்புட்டோமாம்ல? பேப்பர்ல போட்டிருக்கான். அந்த மாட்டப் பாருங்க. விலா எலும்ப எண்ணிப்புடலாம். தின்னவன் மாடு இப்படியா நிக்கும்?”

“வண்டிய எப்பண்ணே விடுறாங்களாம்?”

“கோர்ட்டுல பணங் கட்டணுமாம். அதுவரைக்கும் இதுகளுக்கு வைக்கோல் யாரு போடுறது? வித்துரலாம்னா, மாட்ட வித்துட்டு நான் என்னத்த ஓட்டுறது?”

சமயபுரத்து அம்மன் மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாகச் சொல்வார்கள். தளிகை கிடையாது, நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இளநீர் மட்டும். ஜனங்களுக்காக அம்மனே பட்டினி கிடக்கிறாள் என்று லட்சோப லட்சம் பேர் பூத்தட்டு சுமந்து இந்தப் பாலத்தின் மேல் நடந்து வருகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. அதில் ஒரு பெரிய மனசு இருக்கிறது. ஆனால் பாலத்துக்குக் கீழே வண்டிக்காரன் வீட்டுப் பட்டினிக்கு 28-வது நாளில் முடிவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

“எல்லாம் சரி, மணல் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி?” என்று சில நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொள்ளிடத்து மணல் ஓட்டு வீட்டுக்காரன் வீட்டுக்கா போயிற்று? இந்தக் கரையில் எத்தனை குடும்பம் இன்னும் மண் சுவரிலும் தகரக் கொட்டகையிலும் இருக்கிறது என்று வந்து பாருங்கள். அளவாக எடுத்தால் ஆறு தாங்கும். வண்டிக்காரன் ஆயிரம் வருஷம் எடுத்தும் பாலம் விழவில்லை. பாறையை உடைத்துச் செய்கிற எம்.சாண்ட் வந்திருக்கிறதே என்பார்கள். வந்திருக்கிறது. ஆற்றைத் தின்ற அதே லாப வெறி இன்று மலையைத் தின்னப் போயிருக்கிறது, அவ்வளவே. அது தனிக் கட்டுரை.

நிற்க. 2024-ல் பாடம் கற்றார்களா? அந்த ஆகஸ்டிலும் வெள்ளம் வந்தது. புதுப் பாலத்தின் அருகே ஆறு கோடிக்கு மேல் செலவிட்டுப் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின் கோபுரம் சாய்ந்து விழுந்தது. இந்தச் சுவருக்கும் வயதாகிவிட்டது என்று சொல்வார்களோ?

தென்கரை நிலைமை மட்டும் வாழ்கிறதா? ஆயிரம் வருஷத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்துக்குள் நுழையும்போது பாசனக் கால்வாய், வெளியேறும்போது சாக்கடை. 2025 ஏப்ரலில் உறையூர் மின்னப்பன் தெருப் பக்கம் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது என்று ஜனங்கள் கதறினார்கள். வாந்தி பேதியில் பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குழந்தை உட்பட உயிர்கள் போயின. தண்ணீர் காரணமல்ல, திருவிழாவில் கொடுத்த மோர் காரணம் என்கிற தோரணையில் அதிகாரிகள் பேசினார்கள். அணைக்கு வயது, குழந்தைக்கு மோர்! 2015-ல் இந்தியாவிலேயே இரண்டாவது சுத்தமான நகரம், 2016-ல் மூன்றாவது என்று பட்டம் வாங்கிய நகரம் இது. அந்தப் பட்டத்தை விடியுமுன் துடைப்பம் பிடித்து வாங்கிக் கொடுத்த காண்டிராக்டுத் தொழிலாளிக்கு அன்றும் நிரந்தர வேலை இல்லை, இன்றும் இல்லை.

நாங்கள் கேட்பது வானத்து நட்சத்திரத்தையல்ல. ஒவ்வொரு பாலத்தடியிலும் அணையடியிலும் படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, அந்த அளவை ஆற்றங்கரையிலேயே கல் நட்டு எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும், தெரியாதவனுக்குப் படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். குவாரி எங்கே, எவ்வளவு என்பதைக் கிராம சபையில் வைத்துக் கேட்டுத் தீர்மானியுங்கள். பொக்லைனை ஆற்றுக்குள் இறக்காதீர்கள். உள்ளூர் வீட்டுக்கு வேண்டிய மணலை மாட்டு வண்டிக்காரன் ரசீதோடு அள்ளட்டும். அவனைத் திருடன் என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

வண்டித் துறை கேட்டு அந்தப் பெரியவரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு மனு எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவன் நான். ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். “பார்க்கிறோம்” என்றார்கள். மறுபடி போனோம். மனு எங்கேயோ இருக்கிறது, தேட வேண்டும் என்றார்கள். வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் முத்திரை குத்திக் கொடுத்த ரசீது பெரியவரின் டிரங்குப் பெட்டியில், வண்டியின் பழைய மணல் ரசீதுகளோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போகிறோம். இம்முறை மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது பெரியவரின் யோசனை.